அக்கா தொடாத டப்பா

கரியாலூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி கிடைக்காமல் இல்லை. ஜீப்காரர் ஓரங்கட்டி நிறுத்தி, "ஏறுப்பா, காசு வாணாம்" என்று கூப்பிட்டார். நான்தான் ஏறவில்லை. லேப்டாப்பும் கயிறும் ஸ்க்ரூ டிரைவர்களும் இருந்த பையை மட்டும் அவரிடம் கொடுத்து, கள்ளக்குறிச்சியில் அக்கா கடையில் சேர்த்துவிடச் சொன்னேன்.

வேலை போய்விட்டால் அந்த இடத்தை விட்டு நடந்துவிடுவது என் வழக்கம். செங்கல் சூளையிலிருந்தும் கோழிப்பண்ணையிலிருந்தும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். நடந்தால் கோபம் காலுக்கு இறங்கிவிடும். அன்றைக்கு இறங்குவதற்குக் கோபம் எதுவும் இல்லை. அசதிதான் இருந்தது. என்னை வேலையை விட்டு அனுப்பிய அக்காவைப் பற்றி நினைத்துக்கொண்டே மலைப்பாதையில் இறங்கினேன்.

கூடப் பிறந்த அக்கா இல்லை, ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கடை. மலையில் இருக்கிற வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் இண்டர்நெட் கொடுக்கிற ஒரு முதலாளியிடம் ஏஜென்சி எடுத்திருந்தார். கம்பம் ஏறி வயர் இழுப்பது என் வேலை. வீட்டுக்குள் சுவரில் மாட்டுகிற வைஃபை டப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நாற்பதைத் தாண்டிய, கட்டையான ஆள். சேலைக்கு மேல் வெயிலுக்காக ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பார். ஸ்கூட்டரில் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு ஆரன் அடிப்பார். எதிரில் வண்டி இல்லாவிட்டாலும் அடிப்பார்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைச் சும்மா விட அவரால் முடியாது. அவரைப் பற்றிச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே என் போனைக் கேட்டு வாங்கினார்.

"இது இன்னா வெர்ஷன் வச்சிகினு கீற?"

"தெரியலக்கா. பேசுனா கேக்குது."

"பேசுனா கேக்குதா. புதுசு வந்து குந்திகினு கீது, நீ பழசுல பேசிக்கினு கீற."

எதையோ அழுத்தினார். டீ குடித்து முடிப்பதற்குள் என் போன் புதுசாகிவிட்டது. அதற்குப் பிறகு மதியத்துக்கு மேல் அதில் சார்ஜ் நிற்கவில்லை. அக்கா வருத்தப்பட்டார். அவருடைய வீட்டிலிருந்து ஒரு பவர் பேங்க் கொண்டுவந்து கொடுத்தார். கம்பத்தில் ஏறும்போதெல்லாம் அதை டவுசர் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். செங்கல் மாதிரி தொடையில் இடிக்கும்.

வைஃபை டப்பாவுக்குள்ளும் ஒரு எழுத்து வேலை இருக்கிறது, அதை ஃபர்ம்வேர் என்பார்கள், கம்பெனிக்காரன் அவ்வப்போது அதைத் திருத்திப் புதிதாக விடுவான் என்பதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: புதுசைப் போடும்போது டப்பா சில நிமிஷம் செத்துப் பிழைக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் செத்தது செத்ததுதான். அக்கா அதைக் 'கல்லாயிடுச்சி' என்பார். கல்லாகிப்போன டப்பாக்கள் கடையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன.

ஊரில் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவரைப் பிடிக்கும். அவர் வருவது தெரிந்தால் டப்பாவை மறைப்பார்கள். மெஸ் வைத்திருந்த ஒரு அம்மா, டிவி ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, "சாப்புட வந்தியா, சாப்டு. கூட்டு கூட வைக்கிறேன். இந்தப் பக்கம் வராத" என்று சொன்னதை நானே பார்த்தேன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா ஃபாதர் அறைப் பக்கம் போவார். ஃபாதர் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்து பேசுவார்.

"நல்லா வேல செய்யுதும்மா. ஆண்டவர் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல."

"கொற இல்ல ஃபாதர். புதுசு வந்துருக்கு, அதான்."

"வரட்டும். இருக்கட்டும்."

"ஓட்ட கீது ஃபாதர் பழசுல. ஓட்ட கீற வூட்ல தூங்குவீங்களா?"

"இத்தினி வருசமா அதுலதாம்மா தூங்கறேன். மழ பெஞ்சா கட்டில நகத்திப் போட்டுக்குவேன்."

அக்காவும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் ஃபாதர் விழுப்புரம் போயிருந்தபோது சமையல்காரம்மாவிடம் சாவி வாங்கி வேலையை முடித்துவிட்டார். அது நன்றாகவே முடிந்தது. ஃபாதருக்கு இன்று வரை தெரியாது.

ஓட்டை என்று அவர் சொன்னது பொய்யும் இல்லை. கரியாலூர்ப் பக்கம் அருவி பார்க்க வருகிறவர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில், யார் போனைத் திறந்தாலும் சீட்டாட்டப் பக்கம் வந்து நின்றது. தங்கியிருந்த ஒருவருக்குப் பேங்க் பணமும் போனது. லாட்ஜ்காரர் ரூம் பையனைச் சந்தேகப்பட்டு அடித்துவிட்டார். அக்கா போய்ப் பார்த்தார். டப்பாவின் பழைய வெர்ஷன் வழியாக வெளியாள் எவனோ உள்ளே புகுந்திருந்தான். அழித்துப் புதுசைப் போட்டதும் எல்லாம் நின்றது. அன்றைக்குத் திரும்பி வரும்போது அக்கா ஆரன் அடிக்கவே இல்லை. "அந்தப் புள்ள மேல கை வச்சிட்டானே. நான் ஒரு மாசம் முந்தி வந்துருந்தா அவனுக்கு அடி வுழுந்துருக்காது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் இன்னும் ஜாஸ்தியானது.

கெட்டுப்போனால் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். அதையும் சொல்ல வேண்டும். நான் எது கெட்டாலும் விட்டுவிட்டுப் போகிறவன். அக்கா தான் கெடுத்ததைச் சரிசெய்கிற வரைக்கும் அந்த வீட்டுக்குத் தினமும் போவார். அவர்கள் முகம் கொடுக்காவிட்டாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஒரு வீட்டில் மூன்றாவது நாள் அவருக்கும் சேர்த்து உலை வைத்தார்கள்.

அவருடைய சொந்த வீட்டுக்கு ஒரு தடவைதான் போயிருக்கிறேன். ஃபிரிட்ஜுக்கு மேல் ஒரு டப்பா இருந்தது. நாங்கள் மலையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்த அதே வகை. மேலே தூசி படிந்து, ஒரு ஜெபமாலை அதன் ஆண்டெனாக் கொம்பில் தொங்கியது. அக்காவின் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். சாயங்காலம் அதில்தான் முகம் பார்த்துப் பேசுவார்கள். நான் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன்.

"இது இன்னா வெர்ஷன்க்கா?"

"அத வுடு."

"பழசா?"

"மாமா மூஞ்சி இதுல நல்லா வருது. நிக்காம வருது. அத வுடுன்னு சொன்னன்ல?"

காப்பியைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரியாலூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊரில் ஒரு பெண். போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதி, கொஞ்ச மார்க்கில் விட்டுவிட்டாள். வயது வரம்புப்படி இதுதான் கடைசித் தடவை. கீழே பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்த தோழி ஒருத்தி, வகுப்பு வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதை வைஃபை டப்பாவின் பின்னால் சொருகி வைத்தால் வீட்டைச் சுற்றி இருக்கிற எல்லாப் போனிலும் அந்த வகுப்பு வரும். இண்டர்நெட் மெதுவாக இருந்தாலும் கவலை இல்லை. அந்த ஊரிலிருந்து இன்னும் சில பேர் அவள் வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்கு படிப்பார்கள். அவளுடைய அம்மா களத்தில் சாமை காயப் போட்டுக்கொண்டே எல்லோரையும் அதட்டுவாள்: "தூங்கறவன் எந்திரிச்சி வந்து கோழி ஓட்டு."

எலி கடித்த ஒரு வயரை மாற்றத்தான் அந்த வீட்டுக்குப் போனோம். நான் மாற்றிவிட்டேன். கிளம்பியிருக்கலாம். அக்கா லேப்டாப்பைத் திறந்தார். "ரெண்டு நிமிசம்" என்றார்.

டப்பா நன்றாகப் பிழைத்து எழுந்தது. எல்லா விளக்கும் பச்சை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கை அதற்குத் தெரியவில்லை. டிஸ்க்கின் விளக்கு எரிகிறது, உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்கிறது, டப்பா மட்டும் அப்படி ஒன்று சொருகவே இல்லை என்கிறது. அக்கா வயரை மாற்றிப் பார்த்தார். பின்னால் இருந்த இன்னொரு ஓட்டையில் சொருகிப் பார்த்தார். டிஸ்க்குக்குக் கரண்ட் பத்தவில்லையோ என்று தனியாகக் கரண்ட் கொடுத்தும் பார்த்தார். லேப்டாப்பில் சொருகினால் எல்லா வகுப்பும் அழகாகத் தெரிந்தது. ஆகவே டிஸ்க் மேல் தப்பு இல்லை. புது வெர்ஷன் அந்தப் பழைய வகை டிஸ்க்கை ஏற்றுக்கொள்வதில்லை என்று ஹெல்ப்லைனில் சொன்னார்கள். டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடுங்கள் என்றார்கள். அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஸ்பீக்கரில் இதைக் கேட்டதும் அந்தப் பெண் எழுந்து வந்து டிஸ்க்கைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா முதலாளி ஆபீசில் கெஞ்சிப் பழைய வெர்ஷனை வாங்கிக்கொண்டு மறுபடி மலை ஏறினார். அது மேலே போட்டதைக் கீழே இறக்குகிற வேலை. அதற்கும் டப்பா செத்துப் பிழைக்க வேண்டும். பாதி போயிருக்கும், கிழக்கே ஒரு இடி இடித்தது. தூரத்து இடிதான். ஆனால் மலையில் முதல் இடிக்கே எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மேலே வைத்துவிடுவார்கள். அந்த அம்மா களத்திலிருந்து ஓடிவந்தாள். முறத்தைக் கீழே கூட வைக்கவில்லை. ஒரு கையாலேயே டிவி, மிக்சி, டப்பா மூன்றையும் பிடுங்கினாள். நான் 'ஐயோ' என்பதற்குள் முடிந்துவிட்டது.

"போன வருசம் டிவி வெடிச்சிது. அதுக்கு முன்ன மிக்சி. இதயும் வுட்டுடுவனா?" என்றாள். டப்பாவைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

கல்லாகிவிட்டது. அக்கா அந்த அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லதுதாம்மா பண்ண" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் ஒரே ஒரு போனில் டிஸ்க்கைச் சொருகி, தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பின்னால் நின்றவனுக்குக் கணக்கு தெரியாது, சத்தம்தான் கேட்கும். அந்தப் போனும் சூடாகி நின்று நின்று போனது. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ஒன்று கல்லானதும், இன்னொரு டப்பாவில் பழசை இறக்கிப் பார்க்க முதலாளி ஆபீசில் விடவில்லை. அதே வகை டப்பா, பழைய வெர்ஷனோடு வேண்டும். அக்கா தன் கஸ்டமர்கள் பெயரை எல்லாம் சொல்லிச் சொல்லி யோசித்தார். வெள்ளிமலையில் கேட்டார், கீழே கேட்டார். எல்லா வீட்டிலும் புதுசுதான். எல்லாவற்றையும் அவரே போட்டிருந்தார். அந்த வட்டாரத்திலேயே அக்கா கை படாத டப்பா ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் காலையில் அதைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். ஜெபமாலையைக் கழற்றியிருந்தார், தூசியைத் துடைத்திருந்தார். நாங்கள் போய் மாட்டினோம். சொருகியதும் டிஸ்க் தெரிந்தது. ஆளுக்கு ஒரு மூலைக்குப் பிரிந்து உட்கார்ந்தார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் அக்கா கூடவே ஸ்கூட்டர் வரைக்கும் வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"பரீட்ச முடியற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வராதீங்கக்கா. வந்தா நான் வாணாம்னு சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்."

அக்கா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். "சரிம்மா" என்றார். வழியெல்லாம் ஆரன் அடித்தார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் முடிந்திருக்கும். அக்கா வீட்டில் புது டப்பா மாட்டினார். "மாமா மூஞ்சி நின்னு நின்னு வருது. வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்" என்று சொல்லிச் சிரித்தார். அவரை அரித்தது அது இல்லை. தன் வீட்டில் பழசாக இருந்தவரை அது அவருடைய பாடு. இப்போது அடுத்தவர் வீட்டில் பழசாக இருக்கிறது, அதுவும் அவர் கொண்டுபோய் மாட்டியது. பத்து நாள் பொறுத்தார். கம்பெனிக்காரன் இன்னொரு வெர்ஷன் விட்டான்.

"இதுல அந்த மாதிரி டிஸ்க்கும் படிக்குமாம். எழுதியே போட்டுகீறான், பாரு" என்று என்னிடம் காட்டினார். "நான் போகக் கூடாது. நீ போ. நான் போன்ல சொல்றேன், நீ அமுக்கு."

"இன்னும் கொஞ்ச நாள்தானக்கா. முடியட்டுமே."

"அந்த ஓட்ட வழியா எவனாவது பூந்துட்டான்னா? லாட்ஜ்ல பாத்தல்ல? அந்தப் புள்ளைங்க போன்ல பூந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஒருவன் கதவுக்குப் பின்னால், ஒருத்தி நெல் குதிர் ஓரம், இரண்டு பேர் களத்தில் போர்வை விரித்து. எல்லோர் போனிலும் ஒரே வாத்தியார் வெவ்வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். என் தோளில் இருந்த பையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, ரிப்பேரா?"

"இல்லம்மா. இந்தப் பக்கம் வந்தேன். தண்ணி குடு."

குடித்தேன். சுவரில் டப்பா பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பப் போய் உட்காரவில்லை. நான் போகிற வரைக்கும் அவள் படிக்க மாட்டாள் என்று தெரிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். ரோட்டுக்கு வந்த பிறகுதான், அடித்துக்கொண்டே இருந்த அக்காவின் அழைப்பை எடுத்தேன்.

"உள்ள போயிட்டியா? லேப்டாப்ப தொற."

"வெளிய வந்துட்டேன்க்கா."

"போட்டுட்டியா?"

"இல்ல. நல்லா ஓடுது."

"ஓடும். அதுக்கா போன?"

"எனக்குக் கை வரலக்கா."

போனில் கடைத் தெரு சத்தம் கேட்டது.

"சாமான ஜீப்ல குடுத்து வுடு. நாளைக்கி வேலைக்கி வர வாணாம்" என்றார். குரல் ஏறவில்லை. "சாப்டியா?" என்றும் கேட்டுவிட்டு வைத்தார்.

அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது. மரவள்ளிக் கிழங்கு எடை போடுகிற ஒரு மேடைப் பக்கம் சாக்கை விரித்துப் படுத்தேன். காலையில் எடைமேடைக்காரர் என்னை எழுப்பி, கிழங்கு தூக்க வருகிறாயா என்று கேட்டார். மாவு மில்லுக்குப் போகிற லாரி நின்றிருந்தது. தலைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டேன்.

நாலைந்து கூடை கொட்டியிருப்பேன், மலைக்குப் போகிற முதல் பஸ் வந்து டீக்கடையில் நின்றது. ஜன்னல் ஓரத்தில் அக்கா. அதே சட்டை. மடியில் பை. என்னைப் பார்த்துவிட்டார். நான் கூடையை இறக்கிவிட்டுப் போனேன்.

"இங்கியா கீற?"

"ஆமாக்கா."

நான் பையைப் பார்ப்பதைக் கவனித்தார். அதன் வாயைப் பிரித்துக் காட்டினார். ஒரு சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் ஆணி, ஒரு பொட்டலம் காராசேவு.

"லேப்டாப் எடுத்தாரல. அந்தச் சுவரு ஓதம் புடிச்ச சுவரு. நாம அடிச்ச ஆணி நிக்காது. டப்பா கழண்டு வுழுந்துச்சின்னா போச்சி. ராவெல்லாம் அதே நெனப்பு. ஆணிய மாத்திட்டு வந்துடறேன்."

"அந்தப் பொண்ணு கிட்ட சொன்னீங்களா?"

"போன் பண்ணேன். ஆணி மட்டும்னா வாங்கன்னிச்சி."

"டப்பாவ?"

"தொட மாட்டேன்." பையின் வாயை மூடிக்கொண்டு, "ஆணி அடிக்கறப்ப நீதான டப்பாவ புடிச்சிக்குவ. இப்ப அந்தப் பொண்ணையே புடிச்சிக்கச் சொல்றேன்" என்றார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பி முதல் வளைவில் திரும்பியது. பஸ்காரர் ஆரன் அடிக்கவில்லை. அக்காவுக்கு அது பிடித்திருக்காது.

எடைமேடைக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"யாருய்யா அது?"

"எங்க ஓனரு. நேத்து வரைக்கும்."

"வேலய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

"ஆமா."

"இன்னா தப்பு பண்ண?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

"எல்லாரும் அதான் சொல்றான். கூடைய எடு" என்றார்.

எடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் அந்த லாரி நிறைய வேண்டியிருந்தது.